மச்சானின் கை எதைத் தேடியது?

போன செவ்வாய்க்கிழமை என் மச்சானின் வலக்கை அசைந்தது. இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுக்கு அன்று அதைவிடப் பெரிய செய்தி கிடையாது.

மச்சான் என்றால் தங்கையின் கணவர். வயல் வட்டையில் நெல்மூட்டை ஏற்றும்போது டிராக்டர் பெட்டியிலிருந்து விழுந்து, பின்மண்டையில் அடி. மூன்று நாளாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்மூடிக் கிடந்தார். மூச்சு இருந்தது, உடம்பில் சூடு இருந்தது. ஆள்தான் இல்லை.

தங்கை காதருகே குனிந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"இஞ்சேருங்க... கேக்குதா? சின்னவள் உங்களைத் தேடுறாள்..."

ஒரு அசைவும் இல்லை. டாக்டர் கிள்ளிப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். "மூளை வீங்கியிருக்கு. பொறுத்துத்தான் பாக்கணும்" என்றார். இரண்டு கைக்குள் அடங்குகிற அந்தச் சதைக்குள் ‘நான்’ என்ற ஒருவர் எப்படி வந்து குந்துகிறார்? எந்த மூலையில்? குந்தியவர் எழுந்து போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

அந்த நேரம் பார்த்து வார்டுக்குள் இராணுவத்தினர் சோதனைக்கு வந்தார்கள். நோயாளியைப் பார்க்க வந்தவர்களிடம், வழக்கம்போல...

"ஐ.சி.! ஐ.சி.!"

அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். என் கை என்னைக் கேட்காமலே சட்டைப் பைக்குப் போனது. தற்செயலாகக் கட்டிலைப் பார்த்தேன். மச்சானின் கையும் போய்க்கொண்டிருந்தது! மெல்ல, மெல்ல... இடது நெஞ்சுக்கு.

தங்கை போட்ட சத்தத்தில் டாக்டர் ஓடிவந்தார்.

"இது பழக்கமாவும் இருக்கலாம், அம்மா. ஒரு நாளைக்கு எத்தனை செக்பொயின்ட்! இத வச்சு நினைவு வந்திட்டு எண்டு சொல்ல ஏலா."

தங்கையின் முகம் வாடிவிட்டது.

ஆனால் கை நிற்கவில்லை. உடம்பில் சட்டையே இல்லை, பை எங்கே இருக்கும்? வெறும் நெஞ்சைத் தடவியது. திரும்பவும் தடவியது. நெற்றி சுருங்கியது, மூச்சு வாங்கியது, கழுத்தெல்லாம் வேர்த்தது.

"அண்ணன், இவர் பயப்படுறார்! அட்டையக் காணாமப் பயப்படுறார், பாருங்க!"

டாக்டர் குனிந்து பார்த்தார். முதல்முறையாகச் சிரித்தார். "பழக்கத்துக்குப் பயம் வராது, அம்மா. பயப்பட உள்ளுக்க ஒராள் வேணும்."

அது விஞ்ஞானமோ, ஆறுதலோ... எனக்குத் தெரியாது. தங்கை கைப்பையிலிருந்து அவருடைய அட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன. நெற்றிச் சுருக்கம் போய்விட்டது. ஒரு மனிதர் பயந்ததற்காக நாங்கள் அழுது அழுது சிரித்தோம். இப்படியும் ஒரு காலம்!

இப்போது கண் திறக்கிறார், கஞ்சி குடிக்கிறார். பேச்சு இன்னும் வரவில்லை. வருமா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை. அட்டையை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

நேற்று தங்கை மெதுவாகச் சொன்னாள். "மூண்டு நாளா நான் கூப்பிட்டன். வரல்ல. அவங்க ஒரு சத்தம் போட்டதும் வந்திட்டார்."

பேச்சு வரட்டும். அன்றைக்கே மச்சானின் காதில் போட்டுவைக்க வேண்டும் — "தங்கச்சி கூப்பிட்டதுதான் கேட்டது எண்டு அவளிட்ட சொல்லுங்க!"