தூரமாகாத மாதங்கள்

மார்கழிக் குளிரில் எனக்கு வியர்த்தது. செங்கம் சாலையில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். சால்வை போர்த்திய விருந்தினர்கள் எதிரே நிற்க, என் கழுத்திலிருந்து அனல் ஏறி முகம் எரியும். மாதவிலக்கும் சில மாதங்களாக வரவில்லை. முப்பத்து மூன்று வயது. கர்ப்பமாக இருக்குமோ என்று ஆசைப்பட்டேன்.

இல்லை. சில வார இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் பரிசோதித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "சினைப்பை சீக்கிரமே ஓய்ஞ்சுபோச்சும்மா." (கருமுட்டையும் ஈஸ்ட்ரோஜன் சுரப்பும் சினைப்பையிலிருந்து வருபவை. சிலருக்கு நாற்பதுக்கு முன்பே அது செயல் குன்றிவிடும்.) பெரும்பாலும் காரணம் தெரிவதில்லையாம்.

என் கணவரின் தம்பி மனைவி சுமதியும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். பௌர்ணமியன்று மலை சுற்றக் கிரிவலம் கிளம்பும்போது, "நான் வரலக்கா, தூரமாயிட்டேன். வலி உசுரு போவுது" என்று மாதவிலக்கு வலியில் சுருண்டு படுத்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கூட நான் அப்படிப் பொறாமைப்பட்டதில்லை. அந்த வலி எனக்கு வேண்டும்போல் இருந்தது. எனக்கோ எல்லாப் பௌர்ணமியும் தடையில்லாத பௌர்ணமி. அடி அண்ணாமலையைக் கடக்கும்போது, கூட நடந்த பெண்களில் யார் யார் அடுத்த மாதம் வர முடியாமல் போவார்கள் என்று யோசித்து எரிந்தேன்.

ஹார்மோன் மாத்திரைகள் தொடங்கினேன். எலும்பும் இதயமும் பலவீனமாகாமலிருக்க, இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயதுவரை அவை தேவை. அனல் அடங்கியது. தூக்கம் வந்தது. இரண்டாம் மாதம் ரத்தம் பட்டது.

"நானும் தூரமாயிட்டேன்" என்று சுமதியிடம் தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன். வெந்தயக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஜெயித்தவளைப்போலக் குடித்தேன்.

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்: "இது மாத்திரையால வர்றதும்மா. முட்டை உருவாயிடுச்சுனு அர்த்தமில்ல. குழந்தைக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மி. அறவே இல்லனும் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்து சுமதியிடம் அதைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள், "வலி இருந்துச்சாக்கா?" என்றாள்.

"ஜாஸ்தி இல்ல."

"குடுத்து வச்சவக்கா நீ. பொறாமையா இருக்குது."

கோபத்தில் திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவள் அழுதுகொண்டிருந்தாள். மாதாமாதம் வாந்தி, மயக்கம் என்று அன்றுதான் முழுதாகச் சொன்னாள். அடுத்த வாரம் அவளையும் டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். கருப்பை உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் (எண்டோமெட்ரியோசிஸ்) இருக்கக்கூடும் என்றார். இப்போது சிகிச்சையில் இருக்கிறாள்.

இதே நிலையில் இருப்பவர்களிடம் பொய் சொல்ல மாட்டேன்: பொறாமை போகவில்லை. சுமதிக்கு வலி குறைந்த மாதங்களில்கூட அது எட்டிப்பார்க்கிறது. முன்பு என் உடம்பு எனக்கு நாள் சொல்லும், காத்திருப்பேன். இப்போது மாத்திரையை விழுங்கி நான்தான் அதற்கு நாள் சொல்கிறேன். பல மாதம் அது சொன்னபடி கேட்கிறது.