லேப்டாப்புக்குக் காவல் போன நாள்

எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பொருளும் தனியாக வெளியே போகாது, கூடவே ஒரு காவலும் போகும். அந்தக் காவல் நான்.

மாவு மில்லுக்கு அரிசி போனால் பின்னாலேயே போவேன். நம் அரிசிதான் நம் மாவாகத் திரும்புகிறதா, முன்னால் அரைத்தவர்களின் வத்தல் வாடை ஏறாமல் வருகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்து நிற்பதுதான் ஐந்தாம் வகுப்பில் என் உத்தியோகம். அதில் முக்கியமான கட்டம் கடைசியில் வரும். அரைத்து முடிந்த பிறகும் மெஷின் வயிற்றில் கொஞ்சம் மாவு தங்கியிருக்கும். கேட்காவிட்டால் மில்காரர் தட்டமாட்டார். நாலு பேர் கேட்காமல் போனால் சாயங்காலம் அவர் வீட்டில் கொழுக்கட்டை அவியும் என்பது அப்பாவின் துப்பு. அதனால் "அண்ணாச்சி, பெட்டியத் தட்டி விடுங்க" என்று சொல்லாமல் நான் அந்தப் படியை விட்டு இறங்கியதே கிடையாது. என் தலை தெரு முக்கில் தெரிந்தாலே மில்காரர் பெட்டியைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்.

அப்படிப்பட்ட எனக்கு ஒருநாள் பதவி உயர்வு வந்தது. லேப்டாப்புக்குக் காவல்.

அது அக்கா பன்னிரண்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. வந்த புதிதில் நன்றாகத்தான் ஓடியது. அக்கா டிகிரி முடிப்பதற்குள் அதற்கு வயதாகிவிட்டது. பொத்தானை அமுக்கிவிட்டு அம்மா உலை வைத்தால், சோறு வடிக்கிற நேரத்துக்குத் திரை முழுதாக எழும்பும். அதற்குள் எந்தப் படத்தைத் தொட்டாலும் உறைந்து நின்றுவிடும். அக்காவின் நிச்சயதார்த்த வீடியோவை நாங்கள் ஒரு தடவைகூட முடிவுவரை பார்த்ததில்லை. அக்கா வாயில் யாரோ லட்டு ஊட்டுகிற இடத்தில் நிற்கும். வாய் திறந்தபடியே இருக்கும், லட்டு உள்ளே போகாது.

ஆனியில் நிச்சயம், ஆவணியில் கல்யாணம் என்றார்கள். ஆவணி வந்தது, கல்யாணம் வரவில்லை. தள்ளிப் போயிருக்கிறது என்று என்னிடம் சொன்னார்கள். நானும் பஸ் தாமதமாக வருவதுபோல நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டதும், பேச்சு முறிந்த அன்று வேண்டுமென்றே என்னை இரண்டு படி அரிசியோடு மில்லுக்கு அனுப்பியதும் ரொம்பப் பின்னால் தெரிந்துகொண்ட சங்கதிகள். ஊரை எல்லாம் சந்தேகப்பட்ட நான் வீட்டுக்குள் யாரையும் சந்தேகப்படவில்லை. துப்பறிவாளன் லட்சணம் அப்படி.

அக்கா பேங்க் பரீட்சைக்குப் படிக்கப் போவதாகச் சொன்னாள். மாதிரித் தேர்வு எழுத லேப்டாப் வேண்டும். திருநெல்வேலி டவுணில் ஒரு கடையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஓ.எஸ். போட்டுத் தருகிறார்களாம், பழைய மெஷின்கூடப் பறக்குமாம். அப்பாவுக்கு 'அழித்துவிட்டு' என்ற வார்த்தை பிடிக்கவில்லை. உள்ளே இருக்கிற நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டை சாமானை மாட்டிவிடுவார்கள் என்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கண்ண எடுத்துராதலே. நம்ம பொருள் ஒண்ணும் அங்கன தங்கிரப்பிடாது" என்றார்.

அம்மா சருவச்சட்டி முதல் கரண்டி வரை எங்கள் வீட்டு எழுத்தை வெட்டி வைத்திருப்பாள். லேப்டாப்பில் எழுத்து வெட்ட முடியாது. ஆகவே ராத்திரியே அக்காவின் நெயில் பாலிஷை எடுத்து, பேட்டரியின் அடிவயிற்றிலும் ஒவ்வொரு திருகாணியிலும் ரகசியமாக ஒரு புள்ளி வைத்தேன்.

ஆழ்வார்குறிச்சியில் பஸ் ஏறி டவுணில் இறங்கினோம். லேப்டாப் ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் என் மடியிலேயே வந்தது. ரத வீதியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் அந்தக் கடை. கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். அவர் சிரித்தபடி வரவேற்றதே எனக்குச் சரியாகப் படவில்லை. மில்காரர் ஒருநாளும் சிரித்ததில்லை. குறைந்தபட்சம் அவர் நேர்மையானவர்.

தூசி தட்டுவதற்காக லேப்டாப்பைத் திருப்பிப் போட்டவர் திகைத்துப் போனார். "என்னம்மா இது, பேட்டரிக்குப் பொட்டு வச்சிருக்கு?" அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அழிப்பதற்கு முன்னால் எதை எதைக் காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டார். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், காலேஜ் புராஜெக்ட், இவ்வளவும் போதும் என்றாள் அக்கா. அவர் திரையைக் காட்டினார். டிஸ்க் நிரம்பி ஒரு கோடு சிவப்பாக நின்றது.

"இந்த ஒண்ணுதாம்மா பாதி இடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்கு. வீடியோ போல. இது வேணுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி."

"பெறவு கேட்டாக் கெடைக்காது, பாத்துக்கிடுங்க."

"வேண்டாம்."

எனக்குச் சுரீர் என்றது. இருப்பதிலேயே பெரிய பொருளைப் பார்த்து வேணுமா வேணுமா என்று கேட்கிறானே, இவன் மில்காரருக்கே பெரியப்பன். இவளும் யோசிக்காமல் விட்டுக்கொடுக்கிறாள். கீழே பாத்திரக்கடையில் அம்மாவுக்குக் குக்கர் வளையம் வாங்க வேண்டும் என்று அவள் இறங்கிப் போனாள். இதுதான் சமயம்.

"அண்ணாச்சி, அதையும் தட்டி விடுங்க" என்றேன்.

"எத?"

"அந்தப் பெருசு. அப்பா எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"அக்கா வேண்டாங்குதாவ?"

"அவளுக்கு மறதி."

அவர் மெஷின் பக்கம் திரும்பினார். "ஏல, அப்படி முறைக்காத, வேல ஓடல" என்று சொல்லிவிட்டு, பெரியவர்கள் விவகாரம் நமக்கு எதற்கு என்று நினைத்திருப்பார், அந்தப் பெரியதையும் தன் கம்ப்யூட்டர் பெட்டிக்கு இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு எங்கள் மெஷினைச் சுத்தமாகத் துடைத்தார். இதற்குப் பாரம் ஆகாது, லேசாக ஒன்று போடுகிறேன் என்று வேறு ஓ.எஸ். ஏற்றினார். எடுத்து வைத்ததையெல்லாம் உள்ளே திருப்பிப் போட்டபோது பெரியதும் வந்துவிட்டதா என்று எழுந்து நின்று பார்த்தேன். வந்திருந்தது. குக்கர் வளையத்தோடு அக்கா மாடியேறி வந்தபோது திருகாணிகளின் புள்ளிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரையும் கூப்பிட்டேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். அக்கா பொத்தானை அமுக்கினாள். அம்மா கை துடைத்து முடிப்பதற்குள் திரை எழுந்துவிட்டது. அப்பாவே அசந்துபோனார். அக்கா பல மாதம் கழித்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. "அவன் இத அமுக்கப் பாத்தான்பா, நான் விடல" என்று முன்னால் பாய்ந்து வீடியோவைத் திறந்தேன்.

நாதஸ்வரம் கேட்டது. பட்டுச்சேலையில் அக்கா. அப்பா பல் தெரியச் சிரித்துக்கொண்டு தட்டை நீட்டினார். அம்மாவின் குரல் போட்டோக்காரரிடம் எங்கள் பக்கத்து ஆட்களையும் எடுக்கச் சொன்னது. உறைந்து நிற்கிற இடம் வந்தது. நிற்கவில்லை. லட்டு வாய்க்குள் போனது.

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"அத அணைச்சிருல" என்றார் அப்பா. எனக்குப் புரியவில்லை. திருட்டுப் போக இருந்ததை மீட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், இவர்கள் முகத்தைப் பாருங்கள்.

"ஓடட்டும்பா" என்றாள் அக்கா. "இப்பதான நிக்காம ஓடுது."

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். அவள் கடைசிவரை பார்த்தாள். லட்டுக்குப் பிறகு அப்படி ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை ஒரு தடவை அவளைப் பார்த்தார், அவள் குனிந்துகொண்டாள், பந்தி நடந்தது, பாயைச் சுருட்டினார்கள். முடிந்ததும் அவளே அதை அழித்தாள். நிச்சயமாக அழிக்கவா என்று லேப்டாப் கேட்டது. ஆமாம் என்று அமுக்கினாள். குப்பைத் தொட்டிப் படத்தையும் திறந்து அதற்குள் கிடந்ததையும் அழித்தாள். பிறகு லேப்டாப்பை அணைத்தாள். மறுபடி போட்டாள். வெறும் நீலத்திரை எழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி அணைத்தாள், மறுபடி போட்டாள்.

கடைசியில் இவளுக்கும் அந்த ஆள்மேல் சந்தேகம் வந்துவிட்டது, சோதித்துப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். எனக்குத் துணைக்கு ஆள் சேர்ந்ததில் பெருமையாக இருந்தது. அவளை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு முறை திரை எழும்போதும் நானும் உற்றுப் பார்த்தேன்.

"எல்லாம் சரியாத்தான்க்கா இருக்கு. நம்மது ஒண்ணும் போகல" என்றேன்.

"போகல, என்ன?" என்றாள் அக்கா.

போகவில்லை என்று அடித்துச் சொன்னேன்.