மயிலுக்குச் சாட்சி

விராலிமலையிலிருந்து இலுப்பூர் போகும் பஸ்ஸில்தான் அந்த வனக்காவலரைப் பார்த்தேன். மயிலைத் தேசியப் பறவையாக அறிவித்துக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. ஒடிசலான ஆள், காக்கிச் சட்டையில் இரண்டு பொத்தான்கள் இல்லை. மூடிய கூடை எதைக் கண்டாலும் குனிந்து காதை வைத்துக் கேட்பாராம். கண்டக்டர் சொல்லிச் சிரித்தார்.

அன்று காவலர் பின்சீட்டுக்காரரின் கூடையில் காதை வைத்தார்.

“கோழிங்க,” என்றார் கூடைக்காரர்.

“கோழி எங்கயாச்சும் அகவுமா?” என்று காவலர் மூடியைத் திறந்தார். உள்ளே கால்கள் கட்டப்பட்ட இரண்டு மயில்கள் கிடந்தன.

கூடைக்காரரின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு, பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். கூடையோடு இறங்கிப் புதர்க்காட்டோரம் உட்கார்ந்து, கட்டை அவிழ்த்து, மரத்துப்போயிருந்த மயில்கால்களை மெல்ல நீவிவிட்டார். டிரைவர் ஹாரன் அடித்தார், அவர் திரும்பவில்லை.

“விட்டுட்டா கேசுக்கு என்னங்க சாட்சி?” என்று இறங்கிப் போய்க் கேட்டேன்.

“ஆபீசு போய்ச் சேர்றதுக்குள்ள இதுக செத்துப் போயிருமுங்க. பாத்த நீங்கல்லாம் சாட்சி சொல்ல மாட்டீங்களா?”

மயில்கள் தத்தித் தத்திப் புதருக்குள் மறைந்தன. அவர் நீட்டிய தாளில் முதல் கையெழுத்தை நான் போட்டேன். ஹாரன் அடித்த டிரைவரும் இறங்கிவந்து போட்டார்.

கோர்ட்டிலிருந்து என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன்.