சந்தில் நின்ற லாரி

திருநள்ளாற்றில் சந்திரலேகாவின் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் கதவு எண் சொல்ல மாட்டார்கள். லாரி உறுமுற வீடு என்பார்கள். அவளே அப்படித்தான் வழி சொல்வாள், சிரிக்காமல்.

ஒரே வீட்டில் பின்பாதி அவளுடையது. முன்பாதி அவள் புருஷனின் அண்ணன் நீலகண்டனுடையது. அதை அவர் அறை அறையாகத் தடுத்து, சனி பகவானைப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவந்தார். தம்பி கதிரவன் சொந்த லாரியில் கீழவாஞ்சூர் துறைமுகத்து நிலக்கரியை ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் மாரடைப்பில் போனான். பதினாறாம் நாள் காரியத்தில் பந்தி இலை எடுக்கும் முன்பே நீலகண்டன் பேச்சைத் தொடங்கிவிட்டார். லாரியை விற்றுவிடு, பின்பாதியை எனக்கு எழுதிக் கொடு, பெண்ணை அழைத்துக்கொண்டு உன் அம்மா வீட்டோடு போய் இரு என்றார். சந்திரலேகா மாட்டேன் என்றாள்.

கரண்ட் மீட்டர் அவர் பேரில் இருந்தது. மறுவாரமே அவள் பக்கத்து ஒயரைப் பிடுங்கிவிட்டார். அவள் தனி இணைப்புக்கு ஏற்பாடு செய்தாள். கம்பத்திலிருந்து கம்பி அவர் மாடிக்கு மேலாகத்தான் வர வேண்டும். லைன்மேன் ஏணியோடு வந்த அன்று நீலகண்டன் வாசலை மறித்து நின்றார்.

"என் தலைக்கு மேல அவ கரண்ட் போகக்கூடாது."

லைன்மேன் வந்த வழியே திரும்பிப் போனார். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் சிவப்ரியா மெழுகுவர்த்தியை ஏற்றிப் புத்தகத்தைத் திறந்தாள். அந்தச் சுடரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த சந்திரலேகா, எனக்கு இந்தக் கம்பி வந்தாக வேண்டும், அவர் கையாலேயே வர வேண்டும் என்று மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள்.

யோசனை சொன்னவன் அவள் லாரியை ஓட்டும் டிரைவர் கருப்பையன். லாரி பாட்டரியில் ஒரு இன்வெர்ட்டரை மாட்டி வீட்டுக்குள் ஒயர் இழுத்தால் இரண்டு பல்பும் ஒரு ஃபேனும் ஓடும், பாட்டரி இறங்காமல் இருக்க இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்றான். வீட்டின் இரண்டு பாதிக்கும் பொதுவான சந்தில் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினான். சைலன்சர் வாய் காலி மனையைப் பார்த்து இருந்தது. பல்பு எரிந்தது. சந்திரலேகா லாரியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"திருப்பி நிறுத்துப்பா."

"அந்தப் பக்கம் பெரியவரு ரூம் ஜன்னல் இருக்கே?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவளே ஏறிச் சாவியைத் திருகினாள். அவர் அறைகள் நிரம்புவது வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதனால் வெள்ளி மத்தியானமே ஸ்டார்ட் செய்து சனிக்கிழமை முழுக்க விட்டுவைத்தாள். சனிக்கிழமை லோடு வேண்டாம் என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டாள். கருப்பையன் முணுமுணுத்தான். அவன் வாயை அடைக்க அவளிடம் ஒரு பதில் இருந்தது: நிற்கிற வண்டிக்கு என்ன தேய்மானம், கிலோமீட்டரா ஓடுகிறது? அவனுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

குளத்தில் முழுகிவிட்டு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நீலகண்டனின் மனைவி அறைக்கு அறை சாம்பிராணி போட்டாள். அது புகையோடு புகையானது. தங்கிப் போனவர்கள் அறைகளைப் பற்றி இணையத்தில் எழுதி வைத்ததை எல்லாம் போனில் பார்த்து சிவப்ரியா சாப்பிடும்போது வாசிப்பாள். "சாமி நல்ல தரிசனம், ரூமில் ஒரே டீசல் நாத்தம்" என்று ஒரு கோயம்புத்தூர்க்காரர் எழுதியிருந்ததைச் சந்திரலேகா மறுபடி வாசிக்கச் சொல்லி இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் நீலகண்டன் இருமினால் அவளுக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

அவர் புகார் கொடுத்து ஒரு போலீஸ்காரர் வந்தார். வெளிச்சத்துக்கு வேறு வழி காட்டுங்க சார், இப்பவே நிறுத்துகிறேன் என்றாள். அவர் மாடியைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், கம்பியை விட்டுத் தொலைங்களேன் என்று நீலகண்டனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சனிப்பெயர்ச்சி நெருங்கியது. ஊரே கொள்ளாத கூட்டம் வரும் சமயம். அறைகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே வாடகைக்குப் பேசி வைத்திருந்த நீலகண்டன், முதல் தடவையாகப் பின்வாசலுக்கு வந்தார். அவள் உட்காரச் சொல்லவில்லை, அவர் நின்றார்.

"கம்பிய இழுத்துக்க சந்திரா. நான் ஒண்ணும் சொல்லல."

கேட்டது கைக்கு வந்துவிட்டது. வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவர் கண்கள் புகையில் சிவந்திருந்ததைப் பார்த்தபோது அவளுக்கு ஆசை அடங்கவில்லை.

"பெயர்ச்சி முடியட்டும் அத்தான்" என்றாள்.

அதன்பின் அவள் இன்ஜினை அணைக்கவே இல்லை. மூன்றாம் நாள் காலை அது இரும்பை இரும்பால் அடிப்பதுபோலத் தட்டியது. கருப்பையன் ஓடிவருவதற்குள் ஒரு குலுக்கலோடு நின்றுபோனது.

துறைமுகச் சாலையிலிருந்து வந்த மெக்கானிக் ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்தார். தார்போலக் கறுத்து, தண்ணீர்போல ஓடியது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். கதிரவன் காலத்திலிருந்து கிலோமீட்டரைப் பார்த்துத்தான் மாற்றுவது, இன்னும் அவ்வளவு ஓடவில்லையே என்றான் கருப்பையன். மெக்கானிக் அவனைப் பார்த்தார். சக்கரம் உருளவில்லை, இன்ஜின் மாதக்கணக்கில் ஓடியிருக்கிறது, உள்ளே எல்லாம் பிடித்துக்கொண்டது, முழுசாகப் பிரிக்க வேண்டும் என்றார். கருப்பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். மறுநாள் வேறு லாரிக்குப் போய்விட்டான்.

சந்து அமைதியாகிவிட்டது. அவள் மறுபடி மெழுகுவர்த்தியை ஏற்றினாள். நீலகண்டனிடம் போய், கம்பி இழுக்க லைன்மேனை வரச் சொல்லவா என்று கேட்டாள். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, நிதானமாக மென்றார்.

"பெயர்ச்சி முடியட்டும்" என்றார்.

அவர் மறந்தது ஒன்று. அறைகளுக்குத் தண்ணீர் லாரி அந்தச் சந்து வழியாகத்தான் தொட்டிக்கு வர வேண்டும்; இதுவரை அவள் வண்டி லோடுக்குப் போயிருக்கும் பகலில் வந்து போனது. அன்று மத்தியானம் அது வந்து, சந்தை அடைத்து நின்ற லாரியைப் பார்த்து ஹாரன் அடித்தது. நீலகண்டன் நாலு ஆளைக் கூட்டிவந்து தள்ளச் சொன்னார். அசையவில்லை. இன்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்குக் காற்று ஏறும், காற்று ஏறினால்தான் பிரேக் விடும். மெக்கானிக் அடியில் படுத்து ஸ்பானரால் பிரேக்கைத் தளர்த்தினால் வண்டியை இழுத்து விடலாம். ஆனால் நான் சொல்லாமல் கை வைக்காதே என்று அவள் மெக்கானிக்கிடம் சொல்லி வைத்திருந்தாள்.

தண்ணீர் லாரி திரும்பிப் போனது. அறைகளில் குழாய் காற்றைத் துப்பியது. சாயங்காலத்துக்குள் நீலகண்டனே போய் லைன்மேனை அழைத்துவந்தார்.

"ஏணிய அவரே புடிக்கட்டும்" என்றாள் சந்திரலேகா.

நீலகண்டன் பிடித்தார். தெரு பார்த்தது. பின் மாடிக்கு ஏறிப் போய், தன் தலைக்கு மேல் கம்பி தொய்யாமல் மூங்கில் கழியால் தூக்கியும் கொடுத்தார். கம்பி வந்து சேர்ந்தது. சிவப்ரியா சுவிட்சைப் போட்டாள். பல்பு எரிந்தது.

வேட்டியை உதறிக்கொண்டு அவர் இறங்கி வந்தார். "கரண்ட்தான் வந்துடுச்சே. வண்டிய எடுக்கச் சொல்லு."

சந்திரலேகா லாரியைப் பார்த்தாள். கதிரவன் முகப்புக் கண்ணாடியில் எழுதி வைத்த மகள் பேர் அப்படியே இருந்தது. அந்த வண்டி இனி லோடு ஏறாது. பிரிக்க அவளிடம் வழியும் இல்லை. நாளைக்கு என்ன செய்வது என்பது அவளுக்குத் தெரியாது.

"பெயர்ச்சி முடியட்டும் அத்தான்" என்று சொல்லிவிட்டு, வெளிச்சத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.