வரப்பில் நின்று சொன்ன சொல்

நோயாளி ஒருத்தியைச் சோம்பேறி என்று சொன்னேன். கிட்டப் போய்ப் பார்க்காமலே சொன்னேன். நான் படித்தவன் என்பதால் என் சொல்லை நம்பி அவளுக்கு ஓய்வு மறுத்தார்கள். பிரசவத்தில் அவள் இறந்தாள். வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற அன்று, கூலிக்கு வந்த குடும்பங்களுக்காக மிகவும் பாடுபட்டவன் என்று கூட இருந்தவர்கள் பேசினார்கள். பாடுபட்டது உண்மை. அது எங்கே தொடங்கியது என்பதை அன்று நான் எழுந்து சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகான வருஷங்களில் திருவொற்றியூர்ப் பக்கம் சுகாதார இன்ஸ்பெக்டராக இருந்தேன். குடியிருந்தது ராயபுரத்தில். என் எல்லைக்குள் ஒரு புல் பண்ணை இருந்தது. நகரத்துச் சாக்கடை நீரை வாய்க்காலில் விட்டு, பாத்தி பாத்தியாக எருமைப் புல் வளர்த்தார்கள். புல் ஆளின் இடுப்புக்கு மேல் நிற்கும். அந்தக் காலத்தில் பட்டணத்துக்குப் பால் தந்த மாடுகள் பட்டணத்துக்குள்ளேயே, வீடுகளுக்கு நடுவில் கட்டியிருந்தன. ராயபுரத்திலும் யானைக்கவுனியிலும் இருந்த அந்தக் கொட்டகைகளுக்கு இங்கிருந்துதான் வண்டி வண்டியாகப் புல் போயிற்று.

புல் அறுத்தவர்கள் வந்தவாசிப் பக்கத்துக் கூலிக் குடும்பங்கள். சொந்த நிலம் இல்லாதவர்கள். ஊரில் அறுப்பு முடிந்து வேலை ஓய்ந்ததும் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை, கோழி எல்லாமாக வருவார்கள். பண்ணை ஓரத்தில் ஓலைக் குடிசை போட்டுக்கொள்வார்கள். ஆடியில் மழை விழுந்தால் விதைப்புக்குத் திரும்பிவிடுவார்கள். இங்கே அவர்களுக்கு ரேஷன் கார்டு கிடையாது. மருந்து வாங்கப் போனால் எந்தத் தெரு என்று கேட்பார்கள். அவர்களுக்குத் தெருவும் கிடையாது.

ஒரு மாசி மாதக் காலையில் நான் பண்ணைக்குப் போனது கொசுவுக்கு எண்ணெய் தெளித்தார்களா என்று பார்க்க. பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் வரப்பில் குடையோடு நின்றிருந்தார். தண்டையார்பேட்டைக்காரர், குரல் பெரிது, மனசும் கெட்ட மனசு என்று சொல்ல முடியாது. கீழே பாத்தியில் ஒரு பெண் அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐந்தாறு மாதக் கர்ப்பிணி. ஒரு கட்டு அறுப்பதற்குள் மூச்சு வாங்குகிறது, அரை நாள் வேலை கொடுங்கள் என்று கேட்கிறாளாம்.

"நோவா இது, இல்ல ஒடம்பு வளையலியா? நீ படிச்சவரு, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ சார்" என்றார் குத்தகைக்காரர்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினாள். "பாருங்க சாமி" என்றாள். வரப்பிலிருந்து அவள் இருந்த இடம் பத்தடி இருக்கும். நடுவில் இருந்தது சாக்கடைச் சேறு. என் காலில் புதிதாகப் பாலிஷ் போட்ட பூட்ஸ் இருந்தது. இறங்கவில்லை. "நோய் ஒன்றும் தெரியவில்லை. சோம்பல்தான்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

சித்திரை முடியும் சமயத்தில் குடிசைப் பக்கம் ஒரு சாவு என்று தகவல் வந்தது. காலராவாக இருக்குமோ என்று பார்ப்பது என் வேலை. போனேன். அவள்தான். பக்கத்தில் துணி சுற்றிய குழந்தையும் கிடந்தது. அவளுடைய உள்ளங்கை திறந்திருந்தது. அதில் சிவப்பு என்பதே இல்லை, அரிசி களைந்த தண்ணீர் போல இருந்தது. காலரா இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் என் வேலைதான்.

ஆடியில் அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போகும்வரை நான் அந்தப் பக்கம் போகவில்லை. ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். அவரிடம் போய், யாரோ செய்த தவறைப் போல இதைக் கேட்டேன். அவர் விளக்கினார். மனித மலம் கலந்த ஈர மண்ணில் கொக்கிப்புழு இருக்கும். வெறுங்காலின் விரலிடுக்கு வழியாக உடம்புக்குள் ஏறும். குடலில் தங்கி ரத்தத்தைக் குடிக்கும். கர்ப்பிணிக்கு அது வந்தால் பிரசவத்தில் சிந்துவதற்கு அவளிடம் ரத்தமே இருக்காது. கடைசியில், "கண் இமையைப் பார்த்தாலே தெரியுமே, எந்த முட்டாள் பார்த்தான்?" என்று கேட்டார். நான்தான் என்று சொன்னேன். அவர் திட்டவில்லை. அடுத்த வருஷம் அவர்கள் வரும்போது இரும்புச் சத்து மருந்தை இங்கே வந்து வாங்கிக்கொண்டு போ என்றார்.

தை பிறந்து அவர்கள் வந்தார்கள். இறந்தவளின் புருஷனைத் தேடிப் போனேன். குடிசை வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான். நடந்ததை நடந்தபடி சொன்னேன். உன் பெண்டாட்டி நோயாளிதான், நான் கீழே இறங்கிப் பார்க்காமல் சொன்னேன் என்றேன். அவன் தீட்டுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் சாமி. குத்தகக்காரரு அதச் சொல்லித்தான் அவள ஏசனாரு, இன்ஸ்பெட்டரே சொல்லிட்டாரு எழுந்திருன்னு." பிறகு அரிவாளைக் கீழே வைத்து, "இப்ப அத வச்சிகினு இன்னா பண்றது? இவளப் பாருங்க" என்று உள்ளே கை காட்டினான்.

உள்ளே இருந்தவள் செத்தவளின் தங்கை. அவர்கள் வழக்கப்படி அக்காள் புருஷனுக்கே கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவளும் உண்டாகியிருந்தாள். முகம் லேசாக வீங்கியிருந்தது. அடுப்பு மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்தாள். இமையைக் காட்டச் சொன்னேன். வெளுத்திருந்தது. இவளைச் சாக விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

முதலில் செருப்பு என்று நினைத்தேன். கால் வழியாக ஏறுகிற புழுவுக்குக் காலை மூடினால் போதும். என் செலவில் எல்லோருக்கும் தோல் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் செருப்புகள் வரப்பு மேல் வரிசையாக, சுத்தமாக இருந்தன. ஆட்கள் வெறுங்காலோடு பாத்திக்குள் நின்றார்கள். மாட்டுத் தோல் என்பதால் கூச்சமாக்கும் என்று நினைத்து டயர் செருப்பு வாங்கி வந்தேன். அதுவும் வரப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ரோட்டில் நடக்கும்போது மட்டும் எல்லோரும் பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தங்கைக்காரியிடம்தான் கேட்டேன்.

"மாடு திங்கற புல்லு சாமி. செருப்புக் காலால மெதிச்சத அது வாயில எப்பிடிக் குடுக்கறது?"

இந்தப் புல்லே ஊர்ச் சாக்கடையில்தானே வளர்கிறது என்றேன்.

"அது ஊரு வுட்டது. செருப்பு நாங்களா போடறது ஆச்சே?" என்றாள்.

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். வற்புறுத்தியிருந்தால் என் முன்னால் போட்டுக்கொண்டு, நான் போனதும் கழற்றியிருப்பார்கள். காலை மூட முடியாது என்றால் மண்ணைத்தான் மாற்ற வேண்டும். லேடி டாக்டரிடம் திரும்பப் போனேன். ஈரம் போனால் புழு இருக்காது, மண் நன்றாகக் காய்ந்து வெடித்தால் போதும் என்றார். அதாவது அறுப்புக்கு முன்னால் அந்தப் பாத்திக்குத் தண்ணீரை நிறுத்திக் காயவிட வேண்டும்.

குத்தகைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. காய்ந்தால் புல் எடை குறையும், கொட்டகைக்காரர்கள் வாங்க மாட்டார்கள் என்றார். மேலதிகாரியிடம் போனேன். என் தவறையும் மறைக்காமல் சொன்னேன். புல் எப்படி அறுப்பது என்பது சுகாதாரச் சட்டத்தில் இல்லை என்று அவர் என்னை அனுப்பிவிட்டார். அந்த வருஷம் வர வேண்டிய பதவி உயர்வு எனக்கு வராமல் போனதற்கு அந்தச் சந்திப்பும் ஒரு காரணம். அதில் வருத்தமில்லை.

வாங்குகிறவர்களையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. காலையில் வேலைக்குப் போகும் முன் மாட்டுக் கொட்டகைகளுக்கு ஏறி இறங்கினேன். சில இடத்தில் அபராதம் போட வந்திருக்கிறேன் என்று பயந்து சாணியை அள்ள ஆரம்பித்தார்கள். யானைக்கவுனியில் ஒரு பெரியவர், பல மாடு வைத்திருப்பவர், நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். காய்ந்த பாத்திப் புல் வந்தால் வாங்குவீர்களா என்றேன்.

"தண்ணிய இல்ல வித்துக்கினு கீறான் அவன்? தூக்குனா கட்டு ஒழுவுது. மாட்டுக்கும் வவுறு கழியுது. பால்ல நாங்க தண்ணி ஊத்தறோம்னு ஊரே பேசுது சார். புல்லுல அவன் ஊத்தறத எவன் கேக்கறான்?"

நானும் சிரித்துவிட்டேன். அவரையே மற்றக் கொட்டகைக்காரர்களிடம் பேச வைத்தேன். ஒழுகுகிற கட்டு வேண்டாம், காய்ந்த பாத்திப் புல்லாக அனுப்பு, எடை குறைவதற்கு ஈடாக விலையில் கொஞ்சம் கூட்டித் தருகிறோம் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அடுத்த முறை பண்ணைக்குப் போனபோது குத்தகைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சானிடரி வேலைய வுட்டுட்டு புல்லு யாவாரத்துல எறங்கிட்டியா சார்?" என்றார். ஆனால் தண்ணீரை நிறுத்தினார். பாத்திகளுக்கு முறை வைத்துக் காயவிட்டு, மண் வெடித்த பிறகு ஆளை இறக்கினார்.

தங்கைக்காரிக்கு அதுவும் போதாது. அவள் பாத்திக்குள்ளேயே இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புழு மருந்தைக் கர்ப்பிணிக்குக் கொடுக்க முடியாது. ரத்தம் ஊற மருந்தும் சாப்பாடும்தான் வழி. கூலி இல்லாமல் அவள் உட்கார முடியாது என்று புருஷன் சொன்னான். வரப்பில் உட்கார்ந்து கட்டுக் கட்டுகிற வேலையை அவளுக்குக் கொடுங்கள் என்று குத்தகைக்காரரிடம் கேட்டேன். சோம்பேறி என்று இதே வரப்பில் நின்று நான் சொன்னது பொய் என்பதையும் எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். அவர் குடையைச் சாய்த்துக்கொண்டு, "சரி, கட்டட்டும்" என்றார்.

கசப்பு மருந்தை அவள் குடித்தாளா என்று தினமும் வாசலில் நின்று பார்த்தேன். முட்டையும் கீரையும் ஈரலும் என் மனைவி கொடுத்து அனுப்பினாள். வலி கண்ட அன்று மாட்டு வண்டியில் ராயபுரத்துக்குக் கொண்டுபோனோம். எந்தத் தெரு என்று கேட்டார்கள். என் தெருவைச் சொன்னேன், என் வீட்டில் இருப்பவள் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். உண்மையில் அவளை ஒரு நாளும் என் வீட்டுக்குள் தங்க வைத்ததில்லை. அதைச் செய்யும் தைரியம் அப்போதும் எனக்கு இல்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். மறுநாள் வார்டில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"எங்க அக்காளுக்கும் வரப்புல எடம் இருந்திச்சில்ல சாமி."

இருந்தது என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு தையிலும் அவர்கள் வந்த அன்றே குடிசைகளுக்குப் போய், கர்ப்பிணிகள் தவிர எல்லோருக்கும் புழு மருந்து கொடுக்க ஏற்பாடு செய்தேன். வெளியூர்க் கூலி ஆட்களுக்கும் தெரு கேட்காமல் மருந்து கொடுக்க வேண்டும் என்று மேலே விடாமல் எழுதினேன். இரண்டு மேலதிகாரிகள் மாறி மூன்றாவது ஆள் ஒத்துக்கொண்டார். பண்ணை வேறு குத்தகைக்காரர் கைக்குப் போனதும் பாத்தியைக் காயவிடும் முறை நின்றுபோயிற்று. என்னையும் பெரம்பூருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து வந்து புது ஆளோடு சண்டை போட்டேன். ஒரு வருஷம் ஜெயித்தேன், ஒரு வருஷம் தோற்றேன். மருந்து மட்டும் நிற்கவில்லை.

தங்கைக்காரி என்னை மன்னித்ததாக ஒருநாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் நான் குடிசைப் பக்கம் போனதும் அவள் மகளை இழுத்துக்கொண்டு முன்னால் வருவாள். அந்தப் பெண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடிப்பாள். நான் குனிந்து, முகம் கிட்டப் போய், நன்றாகப் பார்த்த பிறகுதான் விரலை எடுப்பாள்.