வாளிச் சின்னத்தில் நின்றேன்

நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க வேண்டும் என்று நான் கனவெல்லாம் கண்டதில்லை. வேலப்பன்சாவடியில், கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில், தள்ளுவண்டி போட்டு இட்லி தோசை விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் ஏதோ ஒரு கட்சிக்காரர் வந்து நின்றார்.

"யக்கா, நாளைக்கு எங்க அண்ணன் பிரசாரத்துக்கு வர்றாரு. உங்க ஆளுங்க நாலு பேரை இட்டுகினு வந்து ஜீப்புக்கு முன்னால ஆடணும்."

திருநங்கை என்றால் ஆட வரும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். எனக்கு ஆட்டம் சுத்தமாக வராது.

"ஆடுறதா இருந்தா எனக்கே ஓட்டு கேட்டு ஆடிக்கிறேன், போ அண்ணாத்தே" என்றேன்.

தோசையைத் திருப்பும்போது வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். பக்கத்தில் சட்னி ஊற்றிக்கொண்டிருந்த என் மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளும் திருநங்கை. பெற்றவர்கள் வெளியே அனுப்பிய பிறகு என்னிடம் வந்தவள், அன்றிலிருந்து எனக்கு மகள்.

"நில்லும்மா. நின்னா இன்னா? அவங்களுக்கு மட்டும் கொம்பா மொளைச்சிருக்கு?"

அவள் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நாம் செய்கிற வரை நிறுத்தமாட்டாள். சுயேச்சையாக மனு போட்டேன். சின்னமாகத் தையல் மிஷின் கேட்டேன். இன்னொரு சுயேச்சையும் அதையே கேட்டதால் சீட்டுக் குலுக்கினார்கள். மிஷின் அவருக்குப் போனது, எனக்கு வாளி வந்தது.

கல்லூரிப் பிள்ளைகள் கைதட்டிக் கொண்டாடினார்கள். "எங்க ஓட்டெல்லாம் உங்களுக்குத்தான்க்கா" என்று சத்தியம் செய்தார்கள். விசாரித்தால் ஒருவனுக்கு ஓட்டு தருமபுரியில், ஒருத்திக்குத் தூத்துக்குடியில். என் தோசை பிடித்தவர்கள் யாருக்கும் என் தொகுதியில் ஓட்டு இல்லை.

முகப்பேரில் குடியிருப்பு குடியிருப்பாக ஏறி இறங்கினோம். மகள் சிவப்பு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவாள். ஓரிடத்தில் தண்ணீர் லாரிக்கு முன்னால் பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள்.

"வாளிக்கு ஓட்டுப் போடுங்கம்மா" என்று கும்பிட்டேன்.

"வாளி எங்ககிட்டயே நெறைய கீதும்மா. தண்ணிதான் இல்ல" என்றாள் ஒருத்தி. வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வீடுகளில் வேறு தொல்லை. கதவைத் திறந்தவுடன் பத்து ரூபாயை எடுத்து நீட்டி, குழந்தையை என் முன்னால் நிறுத்தி, ஆசீர்வாதம் செய்யச் சொன்னார்கள். "இன்னிக்கு நீங்கதாம்மா என்னை ஆசீர்வாதம் பண்ணணும்" என்றால் பயந்துபோய் இருபதாக்கினார்கள். பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு என் கை வலித்ததுதான் மிச்சம். யாருமே என்னைத் தேர்தலுக்கு நிற்கிறவளாகப் பார்க்கவில்லை. விளையாட்டாக ஆரம்பித்ததுதான், ஆனாலும் மனசு சுருங்கியது.

கடைசி நாள் அயனம்பாக்கத்துக்குப் போனோம். ஏரிப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வாசலில் நின்றிருந்தார். நோட்டீஸை நீட்டினேன். வாங்கி இரண்டு பக்கமும் படித்தார்.

"இந்தச் சாக்கடை எத்தனை நாளா பொங்கி நிக்குது தெரியுமா?"

"தெரியலை சார்."

"தெரியாம எதுக்கு ஓட்டுக் கேட்டு வர்றீங்க? தேர்தல் வந்தா கும்பிட வேண்டியது, அப்புறம் ஆளையே காணோம். நீங்க எல்லாரும் ஒண்ணுதாம்மா."

வாளியைக் கீழே வைத்துவிட்டு மகள் சண்டைக்குத் தயாரானாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நீங்க எல்லாரும் ஒண்ணுதான். என்னையும் சேர்த்துத்தான் அவர் சொல்கிறார். பணம் நீட்டவில்லை, பிள்ளையைக் கூப்பிடவில்லை, அரசியல்வாதியைத் திட்டுகிற மாதிரி திட்டினார். அங்கேயே நின்று முழுவதையும் கேட்டேன். முடிந்ததும், "இன்னும் ஏதாவது இருக்கா சார்?" என்றேன். தெருவிளக்கைப் பற்றி ஆரம்பித்தார்.

தோற்றேன். டெபாசிட் போனது. நோட்டா என்னைவிட நன்றாக வாங்கியிருந்தது. மறுநாள் மாவு அரைக்கப் போய்விட்டேன்.

சில வாரம் கழித்து அந்தப் பெரியவர் பஸ் பிடித்து என் வண்டிக்கே வந்துவிட்டார். சாக்கடை இன்னும் பொங்கிக்கொண்டுதான் இருக்கிறதாம்.

"சார், நான் தோத்துட்டேன்."

"ஜெயிச்சவரை எங்க போய்த் தேடுறது? நீங்க இருக்கற இடம்தான் தெரியுது."

வண்டியை மகளிடம் விட்டுவிட்டு அவருடன் வார்டு அலுவலகத்துக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இவங்க யாரு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் சொன்னார்: "எங்க தொகுதி வேட்பாளர்."

நாற்காலி போட்டார்கள். ரெண்டு நாளில் அடைப்பெடுக்கும் லாரியும் வந்தது. முதல் மழைக்கே சாக்கடை திரும்பப் பொங்கியது. அதற்கும் பெரியவர் என்னைத்தான் கூப்பிட்டார், அன்றைக்குப் போலவே குரலை உயர்த்தித் திட்டினார்.