நெஞ்செரிச்சலோடு பெண் பார்க்கப் போனது

ஓசூரில் ஃபேக்டரி வேலை, மாறி மாறி ஷிஃப்ட். கேன்டீன் சாம்பாரும் நேரங்கெட்ட நேரத்து டீயும் சேர்ந்து என் வயிற்றைப் பதம் பார்த்துவிட்டன. தின்றதெல்லாம் மேலே ஏறி நெஞ்சில் எரிந்தது. மிளகாய், புளி, எண்ணெய்ப் பலகாரம், டீ, காபி எல்லாவற்றுக்கும் டாக்டர் தடை போட்டார்.

"அப்ப என்னத்தைத்தான் சார் திங்கிறது?"

"மோர்ச்சோறு தின்னு. வயித்தை மட்டும் காயப் போடாதே."

அவருக்கென்ன, நாக்கு என்னுடையதுதானே! "பிள்ளை பெத்தவளுக்குக்கூட உன்னைவிட நல்ல சோறு போடுவாங்க மாப்ளே" என்று ரூமில் கூட இருந்தவன்கள் என் எதிரிலேயே கோழி வறுத்தான்கள். பாவிகள்.

அந்த நேரம் பார்த்து, எனக்குப் பெண் பார்க்க அம்மா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து இறங்கினாள். கல்லாவியில் ஒரு விவசாயக் குடும்பம். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு வயிறு காய்ந்துவிட்டது. வழியெல்லாம் அம்மாவுக்கு ஒரே பாட்டுத்தான். "பிடிச்சாலும் வாயத் திறக்காதே. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்னு நான் சொல்லிக்கிறேன். இன்னும் ரெண்டு இடம் பாக்கணும்."

பெண் தட்டோடு வந்தாள். பெண்ணைப் பார்த்தேன், பிடித்துப்போயிற்று. தட்டைப் பார்த்தேன், மிளகாய் பஜ்ஜி.

"வேண்டாங்க" என்றேன்.

பெண்ணின் அப்பா முகம் சுருங்கிப்போயிற்று. ஐயோ, பெண்ணை இல்லை, பஜ்ஜியைத்தான் வேண்டாம் என்றேன் என்று கத்தலாம்போல இருந்தது. அதற்குள் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு புளித்த ஏப்பம் வந்து தொலைத்தது. மானம் போச்சு.

பெண்தான் கேட்டாள். "நெஞ்சு எரியுதுங்களா? மோரு ஊத்திக் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?"

"போடுங்க."

பசி. யோசிக்கவே இல்லை. கையைக் கழுவி, பிசைந்து, நாலு வாய் உள்ளே தள்ளிவிட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரானாலும் சரி, இந்தப் பக்கமானாலும் சரி, சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டுச் சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். காபி, பலகாரம் பரவாயில்லை. சோறு தின்றால் சம்மதம் என்று அர்த்தம். நான் ஒரு தடிமாடு, சம்மணம் போட்டுத் தின்றுகொண்டிருக்கிறேன்.

"மாப்ள கை நனைச்சுட்டாரு. எங்களுக்கு ரொம்பச் சந்தோசங்க" என்று பெண்ணின் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"அய்யய்யோ, அப்படி இல்லைங்க. அவனுக்கு வயிறு சரியில்ல, அதான்..." என்று அம்மா இழுத்தாள்.

கதவோரம் நின்ற பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா இன்னும் ஒரு வார்த்தை பேசினால் போதும், இந்த இடம் கை நழுவிப் போய்விடும்.

தட்டை அவள் பக்கம் நீட்டினேன்.

"இன்னொரு கரண்டி போடுங்க."